பழைய ஆடியோ இதழ்களை எடைக்குப் போடாதீர்கள்: டெல்டா மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதி நூலக ஆணைக்குழுக்களும் மாவட்ட நூலக அலுவலர்களும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். டெல்டாவில் ஆம்ப்ளிஃபயர், டர்ன்டேபிள், ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவர்களும் மைக் செட் தொழிலில் இருப்பவர்களும் இசைத்தட்டு சேகரிப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒலிக்கருவிகளைப் பற்றிய பழைய இதழ்கள் உங்கள் நூலகங்களில் இருந்தாலும், யாராவது நன்கொடையாகக் கொண்டுவந்தாலும், அவற்றை வார, மாத இதழ்களின் கழிவோடு சேர்த்து எடைக்குப் போட வேண்டாம். மாவட்டத்துக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அதை எப்படி வைப்பது, எதை முதலில் மின்படியாக்குவது, பொருளடைவு அட்டையில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் கீழே சொல்கிறோம்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போய்வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் ஒரு நல்ல செட்டோடு அதைப் பற்றி வந்த ஆங்கில இதழ்களும் பெட்டியில் வந்து சேர்ந்தன. வாங்கியவர் காலமானதும் செட்டை யாராவது விலைக்குக் கேட்கிறார்கள். இதழ்களை யாரும் கேட்பதில்லை. பளபளப்பான அட்டை, விலையுயர்ந்த பொருள்களின் படம், பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் என்றிருப்பதால் பணக்காரர் பொழுதுபோக்கு என்று நூலகமும் ஒதுக்கிவிடுகிறது. உண்மையில் அவை தொழில்நுட்ப ஆவணங்கள். அந்தச் செட்டைத் திரும்பப் பேசவைக்க வேண்டிய தகவல் பல நேரம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

'தி கிராமஃபோன்' இதழை நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி 1923 ஏப்ரலில் லண்டனில் தொடங்கினார். இசைத்தட்டு விமர்சனம்தான் அதன் முதல் வேலை. ஆனால் அடுத்த ஆண்டே பெர்சி வில்சன் அதில் ஊசியும் தட்டின் பள்ளமும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்ற கணக்கை எழுதினார். இன்று கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) பொருத்தும்போது டர்ன்டேபிளில் வைத்துப் பார்க்கும் கோண அட்டை அந்த வழியில் வந்தது; 1938இல் லோஃப்கிரெனும் 1941இல் பேர்வால்டும் அந்தக் கணக்கைச் செம்மைப்படுத்தினார்கள். அதாவது பொழுதுபோக்கு இதழின் இரண்டாம் ஆண்டிலேயே பொறியியல் உள்ளே வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் 'வயர்லெஸ் வேர்ல்ட்'. 1911இல் 'மார்க்கோனிகிராஃப்' என்று தொடங்கி 1913இல் பெயர் மாறியது. கம்பியில்லாத் தந்தி இதழாகப் பிறந்தாலும், வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு அதுவே பாடநூல் ஆயிற்று. 1947 ஏப்ரல், மே இதழ்களில் டி.டி.என். வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் உலகம் முழுக்கக் கட்டப்பட்டது. கே.டி.66 வால்வு இரண்டை ட்ரையோடாக இணைத்து 15 வாட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளே அடக்கி 20 டெசிபல் ஃபீட்பேக் (வெளிவருவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைப்பது), சிதைவு 0.1 சதவீதத்துக்குள். இதில் ஒரு கண்ணி உண்டு. ஃபீட்பேக் வளையத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அது மட்டமானதாக இருந்தால் செட் நிலைகொள்ளாது. தாழ்வு முனையில் 'பட் பட்' என்று படகு எஞ்சின் போல அடித்து ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் ஆடும். உயர்வு முனையில் காதுக்கு எட்டாத அதிர்வில் ஓடி வால்வையும் ட்வீட்டரையும் சூடேற்றும். பார்த்தால் எல்லா பாகமும் சரியாக இருக்கும், ஆனால் செட் வேலை செய்யாது. வில்லியம்சனே 1949 ஆகஸ்டில் திருத்திய புதிய வடிவத்தை எழுதினார். 1947 தொகுதி மட்டும் இருந்து 1949 தொகுதி இல்லாத நூலகம் வாசகருக்குப் பாதிச் செய்தியைத்தான் தருகிறது.

இந்த வகை இதழ்களுக்கே உரிய குணம் இது. கட்டுரை ஒரு மாதம் வரும். பிழைதிருத்தம் இரண்டு மாதம் கழித்து வாசகர் கடிதப் பக்கத்தில், மூலையில், நாலு வரியாக வரும். ஒரு மின்தடையின் மதிப்பில் புள்ளி விட்டுப்போயிருக்கும். ஒரு டையோடு தலைகீழாக வரையப்பட்டிருக்கும். ஆகவே 'நல்ல கட்டுரை' உள்ள இதழை மட்டும் எடுத்துவைத்து மற்றதைக் கழிப்பது தவறான சிக்கனம். பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துவிடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் யார் செய்தது, எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது, அன்றைய விலை என்ன என்பதற்கெல்லாம் விளம்பரமே சாட்சி.

அமெரிக்காவில் 'ஆடியோ எஞ்சினியரிங்' 1947இல் வந்தது, 1954இல் 'ஆடியோ' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது, 2000இல் நின்றது. 'ஹை ஃபிடெலிட்டி' 1951 முதல் 1989 வரை. 1958இல் தொடங்கிப் பெயர் மாறி மாறி 1968இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' ஆன இதழ்தான் இவற்றில் பரவலாக வாசிக்கப்பட்டவற்றுள் ஒன்று. இங்கிலாந்தில் 'ஹை-ஃபை நியூஸ்' 1956இல் வந்தது. ஜப்பானின் 'ஸ்டீரியோ சவுண்ட்' 1966இல் தொடங்கிய காலாண்டிதழ். ஜப்பானியம் தெரியாதவரும் அதன் படங்களை வைத்துக் கருவியின் உட்பகுதியை அடையாளம் காணலாம். தானே கட்டுகிறவர்களுக்காக எட்வர்ட் டெல் 1970இல் தொடங்கிய 'ஆடியோ அமெச்சூர்' எங்கள் தொழிலுக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறது. அதன் கிளை இதழ்கள் 2001இல் 'ஆடியோஎக்ஸ்பிரஸ்' என்ற ஒரே இதழாகச் சேர்ந்தன. பிரான்சில் 1977இல் வந்த 'லோடியோஃபில்' ழான் ஹிராகா வடிவமைத்த குறைந்த வாட், கிளாஸ் ஏ (பாட்டு இல்லாதபோதும் முழு மின்னோட்டம் ஓடும் வகை) செட்டுகளுக்காக இன்றும் தேடப்படுகிறது.

இதழ்களுக்கிடையே ஒரு பெரிய பிளவு இருந்தது. நூலகர் இதை அறிந்திருந்தால்தான் தொகுப்பு ஒருபக்கம் சாயாது. பெரிய இதழ்கள் விளம்பரத்தில் வாழ்ந்தன. அவற்றின் விமர்சனம் பெரும்பாலும் ஆய்வகக் கணக்கு: எத்தனை வாட், எத்தனை சிதைவு, அதிர்வெண் வரைபடம் எவ்வளவு தட்டை. 'ஸ்டீரியோ ரிவ்யூ'வில் ஜூலியன் ஹிர்ஷ் பல பத்தாண்டுகள் இப்படி எழுதினார். 'ஹை ஃபிடெலிட்டி'யில் வேலை பார்த்த ஜே. கோர்டன் ஹோல்ட் இதில் நிறைவடையாமல் வெளியேறி 1962இல் 'ஸ்டீரியோஃபைல்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். கேட்டுப் பார்த்து, கேட்டதைச் சொல்லில் எழுதுவது அவருடைய முறை. 1973இல் ஹாரி பியர்சன் 'தி அப்சல்யூட் சவுண்ட்' தொடங்கியபோது அளவுகோலை இன்னும் உறுதியாக வைத்தார்: மின்பெருக்கம் இல்லாமல், உண்மையான ஓர் இடத்தில் வாசிக்கப்படும் இசை எப்படிக் கேட்கிறதோ அதற்கு எவ்வளவு பக்கத்தில் கருவி வருகிறது?

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' கேட்பவருக்கு எந்தக் கருவி ஓடுகிறது என்று தெரியாதபடி ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிட்டுக் கேட்கவைத்த சோதனையை வெளியிட்டது. விலை மலைக்கும் மடுவுக்குமாக இருந்தும் வேறுபாட்டைக் கேட்பவர்கள் நம்பும்படி அடையாளம் காணவில்லை என்பது அதன் முடிவு. எதிர்த்தரப்பு அந்தச் சோதனை முறையையே மறுத்தது. 1986இல் 'ஸ்டீரியோஃபைல்' ஆசிரியரான ஜான் அட்கின்சன் இரண்டையும் ஒரே இதழில் வைத்தார்: எழுத்தாளர் கேட்டு எழுதுவார், அதன் பின்னால் அளவீடு தனியாக வரும். ஒரு பக்கத்தில் "இனிமையான மேல்ஸ்தாயி" என்ற வரியும் அடுத்த பக்க வரைபடத்தில் 3 கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடும் இருந்தால், வாசகர் தானே முடிவுக்கு வரலாம். எங்கள் தீர்ப்பில் ஒலி விமர்சனத்துக்குக் கிடைத்த மிக நேர்மையான வடிவம் இது. நன்கொடையாக வரும் இதழ்களில் இடம் போதாமல் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால், அளவீட்டுப் பக்கங்கள் உள்ள ஆண்டுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பியர்சன் சொன்ன அளவுகோல் டெல்டாவுக்கு அந்நியமானதல்ல. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரமும் தவிலும் மைக் இல்லாமல் நாலு வீதியிலும் கேட்கும் ஊர்கள் நம்முடையவை. திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவருக்கு, ஒலிபெருக்கி வழியே வருவதற்கும் எதிரே பாடுகிறவர் தொண்டையிலிருந்து வருவதற்கும் வேறுபாடு சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இதழ்களோ பியானோவையும் ஆர்கெஸ்ட்ராவையும் வைத்தே சோதித்தன. தவிலின் தொப்பியும் வலந்தலையும் ஒரு ஸ்பீக்கரில் எப்படிப் பிரிந்து கேட்க வேண்டும் என்று எழுதிய கட்டுரை எங்கள் கண்ணில் பட்டதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் இங்கிருந்துதான் வர வேண்டும். எழுதும் முறையைக் கற்க அவர்களுக்கு அந்த இதழ்கள் வேண்டும்.

வெளிநாட்டு இதழை இங்கே வைத்துப் படிக்கிறவருக்குச் சில எச்சரிக்கைகளை அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

பழைய அமெரிக்க டர்ன்டேபிள் பலவற்றில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான கப்பி இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று 27.8 சுற்றாகிவிடும். 4 கட்டையில் பாடியது 2 கட்டைக்கும் சற்றுக் கீழே கேட்கும். மின்னழுத்தத்தை மட்டும் டிரான்ஸ்ஃபார்மரால் குறைத்துவிட்டுக் கப்பியை மாற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பழைய அமெரிக்கப் படங்களில் 'எம்.எம்.எஃப்.' என்றிருப்பது பிகோஃபாரட், 'எம்.எஃப்.டி.' என்றிருப்பது மைக்ரோஃபாரட், மில்லிஃபாரட் அல்ல. ஆயிரம் மடங்கு தவறு இங்கேதான் பிறக்கிறது.

வெப்பம் இன்னொன்று. 1969 ஏப்ரல் 'வயர்லெஸ் வேர்ல்ட்'டில் ஜே.எல். லின்ஸ்லி ஹூட் எழுதிய 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரை இன்றும் இளைஞர்கள் கட்டுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர். பாட்டே இல்லாவிட்டாலும் ஒரு சேனலில் 32 வாட் சூடாகவே போகும். வாட்டுக்கு 1 டிகிரி ஏறும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) 20 டிகிரி லண்டன் அறையில் 52 டிகிரியில் நிற்கும். சித்திரை மாதத்துத் திருவாரூரில் 40 டிகிரி அறையில் அதே ஹீட்சிங்க் 72 டிகிரி. இங்கே வாட்டுக்கு 0.7 டிகிரிக்கு மேற்படாத ஹீட்சிங்க் வேண்டும். அப்போதுதான் 62 டிகிரி அளவில் நிற்கும். கட்டுரையை அப்படியே பின்பற்றியவர் செட்டின் கண்டென்சர்கள் முன்கூட்டியே வறண்டுபோவது இதனால்தான்.

78 சுற்றுத் தட்டு வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அப்படிப்பட்ட தட்டுகளில்தான் வீடுவீடாகப் போயிற்று. எல்.பி. (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியின் முனை ஆரம் 0.7 'தவ்', அதாவது 18 மைக்ரான் அளவு. 78 தட்டுக்கு 3 'தவ்' அளவில் வேண்டும். சிறிய ஊசி அகலப் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் எடுக்கும். இன்றைய ஃபோனோ ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் (தட்டில் பதியும்போது கூட்டிய உயர் ஒலியைக் குறைத்து, குறைத்த தாழ் ஒலியைக் கூட்டும் ஒழுங்கு) 1954இல் வந்தது. அது 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கும். அதற்கு முந்தைய தட்டை அதில் ஓட்டினால் நாகசுரம் போர்வைக்குள்ளிருந்து வாசித்தது மாதிரி மங்கும். எந்தக் கம்பெனித் தட்டுக்கு எந்தத் திருத்தம் என்ற பட்டியல்கள் 1950களின் இதழ்களில் இருக்கின்றன. தட்டைக் கழுவ அந்த இதழ்கள் சொல்லும் ஆல்கஹால் கலவை வினைலுக்கு மட்டும்தான். அரக்குத் தட்டில் பட்டால் அது அரக்கைக் கரைத்துவிடும்.

எதை முதலில் மின்படியாக்குவது? வெளிநாட்டு இதழ்களில் பலவற்றை ஏற்கெனவே வெளிநாட்டிலேயே ஸ்கேன் செய்துவிட்டார்கள். உங்கள் ஆளையும் நேரத்தையும் அதில் செலவிட வேண்டாம். நம் நாட்டுத் தாள்களே முதல் வேலை. 1969இல் டெல்லியில் தொடங்கிய 'எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ'வின் ஆரம்ப ஆண்டுகள், அகில இந்திய வானொலியின் 'வானொலி' இதழ், எச்.எம்.வி. தட்டுப் பட்டியல்கள், அஹுஜா, காஸ்மிக், சோனோடைன், மர்ஃபி, பிலிப்ஸ் செட்டுகளின் சர்வீஸ் தாள்கள், தமிழில் வந்த ரேடியோ பழுதுபார்ப்புக் கையேடுகள். 1991க்கு முன் வெளிநாட்டுச் செட் வாங்குவது சாமானியருக்கு எட்டாத காரியம். இதழைப் பார்த்து உள்ளூர்ப் பாகத்தில் கட்டிக்கொண்ட அந்தக் காலத்து அறிவு இந்தத் தாள்களின் ஓரங்களில் பென்சில் குறிப்பாகவும் இருக்கிறது. அந்தக் குறிப்பை அழிக்க வேண்டாம். கே.டி.66 கிடைக்காதபோது கட்டியவர் எதைப் போட்டார், எந்த மதிப்பை மாற்றினார் என்பது அச்சிட்ட வரியைவிட நமக்குப் பயன்படும்.

ஸ்கேனில் கவனிக்க வேண்டியது: எழுத்துப் பக்கம் 300 டி.பி.ஐ., சர்க்யூட் படமும் வரைபடமும் 600. கறுப்பு-வெள்ளை முறையில் அல்ல, 8 பிட் சாம்பல் நிறத்தில். மூலப்படி டிஃப் கோப்பாக இருக்கட்டும். கடுமையாகச் சுருக்கினால் 6.8இல் உள்ள புள்ளி மறைந்து 68 ஆகிவிடும். 2013இல் சில அலுவலக ஸ்கேனர்கள் ஜேபிக்2 சுருக்கத்தால் 6 இருந்த இடத்தில் 8 என்று மாற்றிப் பதிந்தது வெளியே வந்தது. பார்வைக்கு எழுத்து தெளிவாகவே இருக்கும், எண் மட்டும் பொய். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். 1980களுக்குப் பிந்தைய பல இதழ்களில் முதுகு பசையால் ஒட்டியது. கண்ணாடியில் அழுத்தி விரித்தால் பசை வெடித்துத் தாள் உதிரும். 90 முதல் 100 டிகிரி வரை மட்டும் விரியும் தொட்டிலில் வைத்து மேலிருந்து படமெடுக்க வேண்டும்.

சட்டம் தடையாக இருக்குமோ என்ற தயக்கம் அலுவலர்களுக்கு இருக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(n), 2012 திருத்தத்துக்குப் பின், இலாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிப்பதை அனுமதிக்கிறது. ஆகவே அச்சுப்படியை எறிந்துவிடக் கூடாது. அது கையில் இருப்பதே அனுமதியின் அடிப்படை. இந்தப் பிரிவைக் காட்டி இணையத்தில் பொதுவில் ஏற்ற முடியாது. நூலகத்துக்குள் ஒரு கணினியில் பார்க்கவைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தாளைக் காப்பது பற்றிச் சொல்ல தஞ்சாவூரைவிட நல்ல இடம் இல்லை. சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணிமுடிச்சாக வைக்கும் முறை இதழ் அலமாரிக்கும் பொருந்தும். மணம் போனதும் மாற்ற வேண்டும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி படிக்க வருகிறவருக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் நூலகருக்கும் கெடுதல். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். தாளுக்கு ஏற்றது 45 முதல் 55. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிவையுங்கள், அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது அதே அளவு உயரட்டும், தாழ்வான தெருக்களில் இன்னும் கூட. இறுக்கி அடுக்கினால் நடுவில் காற்று நிற்கும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

பளபளப்புத் தாளுக்கு வெள்ளம் எமன். அதன் மேற்பூச்சு களிமண்ணும் ஒட்டுப்பொருளும் சேர்ந்தது. நனைந்த இதழ் அப்படியே காய்ந்தால் முழு இதழும் ஒரே பலகையாக ஒட்டிவிடும். பிறகு எந்த வித்தையாலும் பிரிக்க முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய பின் பல வீடுகளில் நடந்தது இதுதான். நனைந்த இதழைப் பிரிக்காமல், காயவும் விடாமல், நெகிழிப் பையில் போட்டு மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே உறையவைக்க வேண்டும். 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சை வந்துவிடும். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகப் பகுதியில் குளிர்ப்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. பேரிடர்க் காலத்தில் சில பெட்டிகளுக்கு இடம் தர அவற்றோடு முன்கூட்டியே எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் மெழுகற்ற வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் காயவைக்கலாம். வெயிலில் வேண்டாம்.

துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னைப் பிடுங்கினால் நடுத்தாள் கிழியும். பின்பக்கம் கால்களைத் தட்டையான தகட்டால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவி, அதே துளையில் பருத்தி நூலால் தைக்க வேண்டும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. மெத்தில் செல்லுலோஸ் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும். லேமினேஷன் செய்யவே வேண்டாம்.

பொருளடைவு இல்லாவிட்டால் இத்தனை பாடும் வீண். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் சுற்றியது. அந்த மண்ணில் ஒரு மெக்கானிக் ஒரு சர்க்யூட்டுக்காக 200 இதழைப் புரட்ட வேண்டிய நிலை வரக் கூடாது. இதழ், ஆண்டு, மாதம், பக்கத்தோடு கருவியின் கம்பெனியும் மாடல் எண்ணும் அட்டையில் இருக்கட்டும். அதில் இருப்பது விமர்சனமா, சர்க்யூட்டா, அளவீடா; எந்த வால்வு அல்லது டிரான்சிஸ்டர்; பிறகு வந்த திருத்தம் எந்த இதழில் என்பதும் வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக் கட்டுரைக்கு, பெட்டி அளவைக் கணக்கிட உதவும் ஒத்ததிர்வு, க்யூடிஎஸ், விஏஎஸ் ஆகிய ஸ்பீக்கரின் மூன்று எண்களும் தரப்பட்டுள்ளனவா என்று குறித்துவிடுங்கள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீலின் 1961 கட்டுரை 1971இல் அமெரிக்காவில் மறுபதிப்பான பிறகுதான் இந்த எண்களைத் தருவது வழக்கமாயிற்று. அவை இல்லாத பழைய பெட்டி அளவை இன்றைய ஸ்பீக்கருக்கு அறுத்தால் மரம்தான் வீணாகும்.

தரம்பிரித்தல், தூசி தட்டல், பின் உருவித் தைத்தல், அட்டை எழுதுதல் ஆகியவற்றுக்கு எங்களில் ஆள் தருகிறோம், ஊதியம் வேண்டாம். மெத்தில் செல்லுலோஸ், நூல், முடிச்சுக்கான மூலிகைச் செலவும் எங்களுடையது. உங்களிடம் கேட்பது மூன்று: நீக்கப் பட்டியலை நிறைவேற்றுவதற்கு முன் ஒலி, மின்னணு இதழ்களை மட்டும் தனியே காட்டும் உத்தரவு, மாவட்ட மைய நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி, விடுமுறை நாளில் உள்ளே அமர்ந்து வேலை செய்ய எழுத்து அனுமதி. ஐப்பசி மழைக்கு முன் கிளை நூலகங்களின் தரைத்தட்டில் கிடக்கும் கட்டுகளை மட்டுமாவது மேலே ஏற்றிவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களின் ஒலிக்கருவி பழுதுபார்ப்போர், மைக் செட் தொழிலாளர், இசைத்தட்டு சேகரிப்போர்